கால் எட்டாத ஆழத்தில் ஓர் ஆட்டம்

வாட்டர் போலோ எனப்படும் நீர்ப்பந்தாட்டத்தைப் பற்றி நம் மன்ற நண்பர்களிடம் பேச்செடுத்தால், பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான்: “அடியில் நின்றுகொண்டுதானே விளையாடுவார்கள்?”

இல்லை. நிற்கக்கூடாது. நின்றால் தவறு. அடித்தரையை உதைத்து எம்பிப் பந்தைப் பிடித்தாலும் தவறு. ஓர் ஆட்டம் நான்கு கால்பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றும் 8 நிமிடம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மட்டுமே கடிகாரம் ஓடும் என்பதால், அந்த 32 நிமிட ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் நீந்தியும் மிதந்தும் எதிராளியோடு மல்லுக்கட்டியுமே ஆட வேண்டும். கோல்காப்பாளருக்கு மட்டும் தம் கோலுக்கு முன்னால் உள்ள பகுதியில் விதிவிலக்கு உண்டு. ஆனால் குளம் ஒழுங்கான குளமாக இருந்தால் அந்தச் சலுகையால் அவருக்கும் பயனில்லை. அடித்தரை அவருக்கும் எட்டாது.

மற்ற விளையாட்டுகளில் திடல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சமாளிக்கலாம். புல் இல்லாத மண்ணிலும் காற்பந்து ஆடலாம். வலை கட்ட இரண்டு மரம் இருந்தால் பூப்பந்து ஆடலாம். நீர்ப்பந்தாட்டம் அப்படியல்ல. அதன் விதிகளில் பெரும்பகுதி, ஆடுபவரின் கால் தரையில் படாது என்ற ஒரே அடிப்படையின்மேல் எழுப்பப்பட்டது. எனவே இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் பந்தைவிடக் குளத்திலிருந்து தொடங்குவதே நல்லது. யார் இதை ஆட முடிகிறது, யாரால் முடிவதில்லை என்பதும் அப்போது தானாகவே விளங்கும்.

குளத்தின் கணக்கு

பன்னாட்டு விதிகளின்படி நீர் எங்கும் குறைந்தது 1.8 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். 2 மீட்டர் இருப்பது விரும்பத்தக்கது. ஒலிம்பிக், உலக வெற்றியாளர் போட்டிகள் என்றால் 2 மீட்டர் கட்டாயம். “எங்கும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு முனையில் ஆழமாகவும் மறுமுனையில் ஆழம் குறைந்தும் சரிந்து செல்லும் குளம் இதற்கு உதவாது. பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறினாலும், ஆழமில்லாத முனையைத் தாக்கும் அணிக்கும் காக்கும் அணிக்கும் ஆட்டம் ஒன்றாக இருக்காது.

கோலின் அளவு உள்பக்கத்தில் 3 மீட்டர் அகலம். குறுக்குக் கம்பத்தின் அடிப்புறம் நீர்மட்டத்திலிருந்து 0.90 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே ஒரு சுவையான செய்தி. உலக நீர் விளையாட்டுகளின் தலைமை அமைப்பு ஃபினா என்ற பெயரில் இருந்த காலத்து விதிநூலில், ஆழம் 1.5 மீட்டருக்குக் குறைந்த குளங்களுக்கென்று தனி வழி சொல்லப்பட்டிருந்தது. அங்கே கம்பத்தை நீர்மட்டத்திலிருந்து அளக்கக்கூடாது. குளத்தின் அடித்தரையிலிருந்து 2.40 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள். 1.5 மீட்டர் ஆழமும் 0.90 மீட்டர் உயரமும் சேர்ந்தால் சரியாக 2.40. அதாவது 1.5 மீட்டரில் இரண்டு கணக்கும் ஒன்றாகின்றன. 1.2 மீட்டர் ஆழமே உள்ள குளத்தில் கம்பம் நீருக்குமேல் 1.2 மீட்டருக்கு உயர்ந்துவிடும். ஏன்? அங்கே கோல்காப்பாளர் நிற்கலாம். நிற்பவர் கையைத் தூக்கினால் 0.90 மீட்டர் என்பது ஒரு பொருட்டே இல்லை. அவர் நிற்கிறாரா மிதக்கிறாரா என்பதை வைத்துத்தான் கோலின் உயரமே முடிவாகியிருக்கிறது. விதிநூல்கள் வறட்சியானவை என்பார்கள். இந்த ஒரு வரியை எழுதியவர் நிச்சயமாக ஒரு நாள் முழுதும் ஆழமில்லாத குளத்தில் கோல் வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும்!

ஆடுகளத்தின் நீளம் கோல்கோட்டிலிருந்து கோல்கோடு வரை 20 முதல் 30 மீட்டர், அகலம் 10 முதல் 20 மீட்டர் என்ற வரம்புக்குள் பல்லாண்டுகளாக இருந்துவந்தது. பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு 30 மீட்டர், பெண்களுக்கு 25 மீட்டர் என்பது வழக்கம். 2025-இல் இது மாறியது. ஆண்களின் களமும் 25 மீட்டராகச் சுருங்கியது. நீந்தும் தூரம் குறைந்தால் தாக்குதல் விறுவிறுப்பாகும் என்பது நோக்கம். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இதை ரசிக்கவில்லை. எனக்கென்னவோ பல்கலைக்கழகங்களுக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. 50 மீட்டர் குளத்தில் 30 மீட்டர் களம் விரித்தால் மிஞ்சும் இடத்தில் வேறு யாரும் பயிற்சி செய்ய முடியாது. 25 மீட்டர் களம் என்றால் பாதிக் குளம் போதும். ஆனால் 25 மீட்டர் நீளமே உள்ள சிறிய குளம் வைத்திருப்பவர்கள் ஏமாந்துவிடக்கூடாது. கோல்களுக்கும் வலைகளுக்கும் பின்னால் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கழித்தால் களம் 25-ஐ எட்டாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீரின் வெப்பம் 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, சூரியனே பார்த்துக்கொள்கிறது. இரவு ஆட்டத்துக்குக் குறைந்தது 600 லக்ஸ் வெளிச்சம். நீச்சல் தடங்களைப் பிரிக்கும் கயிறுகளைக் கழற்றிவிட்டு, களத்தின் எல்லையைக் காட்டும் மிதவைக் கயிறுகளைக் கட்ட வேண்டும். அவற்றில் கோல்கோடு, 2 மீட்டர், 5 மீட்டர், 6 மீட்டர், நடுக்கோடு ஆகியவற்றுக்கு நிற அடையாளங்கள் உண்டு. நடுவர்கள் இருவர் குளத்தின் இரு நீண்ட கரைகளிலும் ஆட்டத்தோடு சேர்ந்து நடந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே இரு பக்கமும் தடையில்லாத நடைபாதை தேவை. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக் கட்டிய அழகான குளங்கள் இங்கேதான் தோற்றுப்போகின்றன.

25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று பெருக்கினால் 1,000 கனமீட்டர், அதாவது ஒரு மில்லியன் லிட்டர் நீர். பதினான்கு பேர் ஒரு பந்துக்குச் சண்டை போட இவ்வளவு நீரும் வேண்டும்.

நீருக்குள் நடப்பது

ஒவ்வோர் அணிக்கும் நீருக்குள் ஏழு பேர்: ஆறு ஆட்டக்காரர்கள், ஒரு கோல்காப்பாளர். ஓர் அணிக்கு வெள்ளைத் தொப்பி, மற்றதற்கு நீலம். கோல்காப்பாளர்களுக்குச் சிவப்பு. தொப்பியின் இரு பக்கமும் காதுகளை மூடும் பிளாஸ்டிக் கவசம் இருக்கும். நீர் காதில் அறைந்து செவிப்பறை கிழியாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆண்களின் பந்து 68 முதல் 71 சென்டிமீட்டர் சுற்றளவு, பெண்களின் பந்து 65 முதல் 67. எடை 400 முதல் 450 கிராம்.

கால்பகுதி தொடங்கும்போது இரு அணிகளும் தத்தம் கோல்கோட்டில் காத்திருக்கும். நடுவில் விடப்படும் பந்தை நோக்கி ஒவ்வோர் அணியிலும் ஒருவர் பாய்வார். யார் முதலில் எடுக்கிறாரோ அந்த அணி தாக்கத் தொடங்கும். பந்தை ஒரு கையால்தான் தொடலாம். இரண்டு கையால் தொடும் உரிமை கோல்காப்பாளருக்கு மட்டுமே. பந்தை எடுத்த அணி குறிப்பிட்ட நேரத்துக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த நேரம் நெடுங்காலமாக 30 விநாடியாக இருந்தது. 2025 சீர்திருத்தத்தில் களத்தோடு சேர்ந்து கடிகாரமும் சுருங்கியது. எனவே எந்தப் போட்டிக்குப் போனாலும், எந்த ஆண்டின் விதிநூல் பின்பற்றப்படுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மிதப்பது எப்படி? இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே மாறி மாறி எதிரெதிர்த் திசையில் வட்டமடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு முட்டை அடிக்கும் கருவியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்குத் தயிர் கடையும் மத்தே போதும். ஒரு முறை வலப்பக்கம், ஒரு முறை இடப்பக்கம், நிற்காமல். நன்றாகக் கடைபவர் இடுப்புவரை நீருக்குமேல் எழும்பி எறிவார். பார்ப்பவர்களுக்கு அவர் ஏதோ பலகைமேல் நிற்பதுபோலத் தோன்றும். “அடியில் நிற்கிறார்களா?” என்ற கேள்வி பிறப்பதே இந்தத் திறமையால்தான்.

இனி, புதிதாகப் பார்ப்பவர்களைத் தலைசுற்ற வைக்கும் விஷயத்துக்கு வருவோம்: விசில். நடுவர் நிமிடத்துக்கு நிமிடம் ஊதிக்கொண்டே இருப்பார். ஆனால் ஆட்டம் நிற்காது. நான் மூன்று பருவங்களாக விடுதிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் மேசையில் உட்கார்ந்து கடிகாரமும் கொடியும் கவனிப்பவன். பக்கத்தில் வந்து நிற்கும் நண்பர்கள் எல்லாரும் “இப்போது எதற்கு ஊதினார்?” என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு விடை ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. பந்தைப் பிடித்திருப்பவரை நெருங்கித் தடுக்கலாம். பந்தைப் பிடிக்காதவரைத் தடுக்கக்கூடாது.

உலக வழக்குக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓர் ஆட்டக்காரர் பந்தைக் கையில் இறுகப் பிடித்திருந்தால் எதிராளி அவர்மேல் பாயலாம், அழுத்தலாம். அந்த அழுத்தத்தில் பந்து நீருக்குள் போனால் தவறு அழுத்தியவருடையது அல்ல, பிடித்திருந்தவருடையது! பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் அனுபவசாலி நெருக்கடி வந்ததும் பந்தைக் கையிலிருந்து விட்டுவிடுவார். அது அவர் முன்னால் மிதந்துகொண்டிருக்கும். இப்போது அவர் ‘பிடிக்காதவர்’. இப்போது அவரைத் தொட்டால் தவறு எதிராளியுடையது. விசில் ஊதும், தொடப்பட்டவருக்குத் தடையில்லா எறிதல் கிடைக்கும். அவர் உடனே பந்தை எடுத்து வீசிவிடுவார், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இவை சாதாரணத் தவறுகள். 6 மீட்டருக்கு வெளியே இப்படித் தடையில்லா எறிதல் கிடைத்தால் நேரே கோலுக்கே எறியலாம். விட்டவருக்குக் கிடைக்கும், பிடித்தவருக்கு நழுவும் என்று தத்துவம் பேசத் தோன்றும். ஆனால் அந்த ஒரு விநாடிக் கணிப்பைச் செய்யும் நேரத்தில் ஒருவர் உங்கள் தோளில் தொங்கிக்கொண்டிருப்பார்.

அடுத்த வகை, வெளியேற்றத் தவறு. பந்தைப் பிடிக்காத ஒருவரை இழுப்பது, அமிழ்த்துவது, முகத்தில் நீரை வாரி அடிப்பது போன்றவற்றுக்கு 20 விநாடி வெளியேற்றம் என்பது நெடுநாள் மரபு. வெளியேற்றப்பட்டவர் தம் அணியின் மூலையில் உள்ள பகுதிக்கு நீந்திச் சென்று காத்திருக்க வேண்டும். ஆறு பேர் ஐந்து பேரைத் தாக்கும் இந்தச் சில விநாடிகள்தாம் ஆட்டத்தின் உயிர்நாடி. நேரம் முடிந்ததும் மேசையிலிருந்து அவருடைய தொப்பியின் நிறத்தில் கொடி உயரும், அவர் திரும்பலாம். ஒருவர் இப்படி மூன்று முறை தனித்தவறு செய்தால் சிவப்புக் கொடி. அந்த ஆட்டம் அவருக்கு அத்தோடு முடிந்தது. மாற்று வீரர்தான் வர முடியும். கோல் விழுந்திருக்க வேண்டிய நேரத்தில் தவறு செய்து தடுத்தால் 5 மீட்டரிலிருந்து பெனால்டி.

நீருக்கு அடியில் நடப்பதை நடுவரால் முழுமையாகப் பார்க்க முடியாது. அங்கே உதையும் இழுப்பும் நிறைய உண்டு. ஆட்டத்துக்குமுன் நடுவர்கள் எல்லாருடைய கைந்நகம் கால்நகங்களைச் சோதிப்பது அதனால்தான். தொடக்கப்பள்ளியில் திங்கட்கிழமை காலை வரிசையில் நின்று ஆசிரியரிடம் நகம் காட்டிய நினைவு எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

சிங்கப்பூரும் நீர்ப்பந்தும்

இந்த ஆட்டம் 1870-களில் பிரிட்டனின் ஆறுகளிலும் குளங்களிலும் தோன்றியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் வில்சன் தொடக்ககால விதிகளை வகுத்தவர்களில் முதன்மையானவர். ‘போலோ’ என்ற பெயரில் மட்டும் நம் பக்கத்து வாசனை உண்டு. இமயத்தின் வடமேற்கில் பேசப்படும் பால்டி மொழியில் ‘புலு’ என்றால் பந்து. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1900-இலேயே இடம் கிடைத்தது. பெண்கள் 2000 சிட்னி வரை, ஒரு நூற்றாண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகங்களோடு இதற்குத் தொடர்பு பழையது. ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் 1891 முதல் மோதிவருகின்றன. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் 1959 டுரினிலேயே ஆண்களுக்கான நீர்ப்பந்தாட்டம் இருந்தது. பெண்களுக்கு 2009 பெல்கிரேடில் தொடங்கியது. சிங்கப்பூரில் பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் மோதும் ஐவிபி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

முதல் ஆசிய விளையாட்டுகள் 1951-இல் புதுடில்லியில் நடந்தன. நீர்ப்பந்தாட்டத்தில் தங்கம் இந்தியாவுக்கு, வெள்ளி சிங்கப்பூருக்கு. நம்ப முடிகிறதா? அதன்பின் இந்தியா இந்த ஆட்டத்தில் ஆசியத் தங்கத்தை வென்றதே இல்லை. சிங்கப்பூரோ 1954 மணிலாவில் தங்கத்தைத் தட்டிச்சென்றது. 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்குக்கும் ஓர் அணியை அனுப்பியது. ஹங்கேரிக்கும் சோவியத் யூனியனுக்கும் நடந்த ஆட்டத்தில் எர்வின் ஸாடோர் என்ற ஹங்கேரிய வீரரின் முகத்தில் ரத்தம் வழிந்தது அதே போட்டித் தொடரில்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி உலகமே பேசியது. சிங்கப்பூர் அணியில் இருந்த டான் எங் லியாங் பின்னர் ரோட்ஸ் கல்வி உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபர்டில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் மூத்த துணை அமைச்சராகவும் பொறுப்பு வகித்தார். படிப்பா விளையாட்டா என்று வீட்டில் கேட்பவர்களுக்குச் சொல்ல வசதியான பெயர்.

1965 முதல் 2017 வரை தென்கிழக்காசியப் போட்டிகளில் சிங்கப்பூர் ஆண்கள் அணி தொடர்ந்து 27 முறை தங்கம் வென்றது. 2019-இல் இந்தோனீசியா அந்தத் தொடரை அறுத்தது. 2023-இல் கம்போடியாவில் சிங்கப்பூர் தங்கத்தை மீட்டது. ஒரு சிறிய தீவு ஐம்பதாண்டுக்கும் மேலாக ஒரு வட்டாரத்தையே ஆண்டது எப்படி? பயிற்சியும் உழைப்பும் இல்லாமலில்லை. ஆனால் நீச்சல் மன்றங்களும் குளமுள்ள பள்ளிகளும் நெருக்கமாக இருந்த ஊர் இது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரி ஆண்களுக்கான தேசியப் போட்டி 1969-இல் தொடங்கியது. அதிலிருந்து 2024 வரை கலிஃபோர்னியாவுக்கு வெளியே உள்ள எந்தக் கல்லூரியும் அதை வென்றதில்லை. மற்ற மாநிலத்து மாணவர்களுக்குக் கையும் காலும் இல்லையா என்ன? கலிஃபோர்னியாவில் ஆழமான திறந்தவெளிக் குளங்களும், அவற்றில் ஆண்டு முழுதும் நீந்தும் பள்ளிப் பிள்ளைகளும் நிறைய.

கேலாங்கிலிருந்து பார்த்தால்

நான் மலேசியாவிலிருந்து படிக்க வந்தவன். கேலாங்கின் இரட்டைப்படை லோரோங் ஒன்றில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறேன். கீழே டுரியான் கடை; வெள்ளிக்கிழமை மாலை கேலாங் ஈஸ்ட் சிவன் கோயில். இங்கிருந்து காலாங் பக்கம் நடந்தே போய்விடலாம். 2025 ஜூலையில் அங்குள்ள ஓசிபிசி நீர்விளையாட்டு நிலையத்தில்தான் உலக வெற்றியாளர் போட்டியின் நீர்ப்பந்தாட்டங்கள் நடந்தன. அப்போட்டி தென்கிழக்காசியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. ஆண்களில் ஸ்பெயினும் பெண்களில் கிரீஸும் பட்டம் வென்றன. இறுதி ஆட்டங்கள் இரண்டிலும் தோற்றது ஹங்கேரி. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் சிங்கப்பூரின் இரு அணிகளும் களமிறங்கின.

அந்தக் குளத்துக்கும் நம் வட்டாரப் பொதுக் குளங்களுக்கும் தூரம் சில நிலையங்கள்தான். ஆனால் ஆழத்தில் அவை வேறு உலகங்கள். பொதுக் குளத்தின் வேலை வேறு. பிள்ளைகள் பயமில்லாமல் கற்க வேண்டும், முதியவர்கள் காலையில் நீருக்குள் நடக்க வேண்டும். அதனால் நெஞ்சளவு நீரில் தொடங்கிச் சரிந்து செல்லும்படிதான் பெரும்பாலும் கட்டுவார்கள். அது சரியும்கூட. தேக்காவுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்த மவுண்ட் எமிலி குளம் 1931-இல் திறக்கப்பட்ட, இந்நகரின் முதல் பொது நீச்சல் குளம். ஒரு நீர்த்தேக்கத்தை மாற்றி அமைத்தது அது. 1980-களில் மூடப்பட்டது. 1957-இல் வந்த ஃபேரர் பார்க் குளமும் 2003-இல் மூடப்பட்டது. சிராங்கூன் சாலைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு நீச்சல் என்றால் இந்த இரண்டு குளங்கள்தாம். அங்கே நீந்தப் பழகலாம். ஆனால் நீர்ப்பந்தாட்டம் வேண்டுமென்றால் மன்ற உறுப்பியமோ, குளமுள்ள பள்ளியில் இடமோ வேண்டும்.

என் கதை இன்னும் வறண்டது. படித்தது தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இரண்டிலும் திடல் இருந்தது, குளம் இல்லை. நீர் என்றால் எங்கள் பாட்டிக்கு ஈயக்குட்டைதான். யாரோ ஒரு பையன் போனான், திரும்பவில்லை என்று ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கும். போதாததற்குச் சாதகத்தில் தண்ணீரில் கண்டம் வேறு. நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கண்டம் இருக்கிறது என்று இந்த இதழுக்காக ஒரு கணக்கெடுப்பே நடத்தலாம் போலிருக்கிறது. நான் நீந்தக் கற்றது பத்தொன்பது வயதில், வளாகக் குளத்தில்.

இதை எழுதக் காரணமும் அதுதான். நம் வளாகக் குளம் ஆழமானது. மாணவர் அட்டை இருந்தால் கட்டணமில்லை. பயிற்றுநர் இருக்கிறார், கோல்கள் இருக்கின்றன, வாரத்தில் இரண்டு மாலை மிதவைக் கயிறுகளும் கட்டப்படுகின்றன. பட்டம் வாங்கி வெளியேறிய மறுநாள் அந்த அட்டை செல்லாது. அதன்பின் இந்த ஆழம் மறுபடி மன்ற உறுப்பியம் உள்ளவர்களுடையதாகிவிடும். குளத்தை வைத்து ஆட்களைப் பிரிக்கும் ஒரு விளையாட்டு, நமக்கு இந்த மூன்று நான்கு ஆண்டுகள் மட்டும்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மேசையில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று பருவத்தில் நான் எழுதிய தமிழ்ப் பெயர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நமக்கு விருப்பமில்லை என்று இதற்குப் பொருள் சொல்ல நான் தயாரில்லை. கீழ்த்தளத்துக் காற்பந்து முதல் கபடி வரை நம் ஆட்கள் எங்கும் முட்டி மோதுகிறார்கள். மல்லுக்கட்டப் பயப்படும் கூட்டமா நாம்?

வர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 200 மீட்டர் நிற்காமல் நீந்த முடிந்தால் போதும். முடியாவிட்டால் முதலில் தொடக்க வகுப்பில் சேருங்கள், ஒரு பருவத்தில் வந்துவிடும். முதல் மாதம் பந்தைப் பற்றி மறந்துவிடுங்கள். இரண்டு கையையும் நீருக்குமேல் தூக்கிக்கொண்டு மத்துக் கடையும் பயிற்சிதான் இருக்கும், தொடை வலிக்கும். பிடித்து இழுத்தால் கிழியாத இறுக்கமான நீச்சலுடை வேண்டும். ஆண்கள் உள்ளே இன்னொன்று அணிவது நல்லது. மூக்குத்தி, சங்கிலி, இடுப்புக் கயிறு, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். நீருக்குள் இறங்கவே விருப்பமில்லை என்றாலும் மேசைக்கு ஆள் தேவை. கடிகாரத்துக்கு ஒருவர், கொடிக்கு ஒருவர், பதிவேட்டுக்கு ஒருவர். ஓரிரண்டு மாலைகளில் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று. உடலில் எண்ணெயோ அதுபோன்ற வழுக்கும் பொருளோ பூசிக்கொண்டு இறங்கக்கூடாது என்று விதிநூலில் தனியாகவே எழுதியிருக்கிறது. சனிக்கிழமை ஆட்டங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் எண்ணெய்க் குளியலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள்.